கோயில் வெப் ஆப்பும் பெரியம்மா போனின் மணியோசையும்: இரண்டு வருட அனுபவம்

2023 டிசம்பரில் அக்கா மகன் மொரீஷியஸில் இருக்கும் எங்கள் கோயிலுக்கு ஒரு வெப் ஆப் செய்து கொடுத்தான். எபேனில் கணினி வேலை பார்க்கிறவன். காவடி நெருங்க நெருங்க வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது காணாமல் போவதைப் பார்த்து அலுத்துப்போயிருந்தான். ப்ளே ஸ்டோர் வேண்டாம். குரோமில் முகவரியைத் திறந்து முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் போதும். பூஜை நேரம், அன்னதான முறை, பூக்கட்டும் முறை எல்லாம் அறிவிப்பாக வரும். என்னிடம் சாம்சங், மேசையில் விண்டோஸ் லேப்டாப், மனைவியிடம் ஐபோன். மூன்றிலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் தலைவலி அனுமதி. பக்கம் திறந்ததுமே 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று பெட்டி வரும்படி வைத்திருந்தான். பாதிப் பேர் படிக்காமலே 'தடு' என்பதை அழுத்திவிட்டார்கள். ஒருமுறை தடுத்துவிட்டால் அந்தத் தளத்தால் மறுபடி கேட்கவே முடியாது. நாமாக முகவரிக்குப் பக்கத்துக் குறியைத் தொட்டு உள்ளே போய்த்தான் திருத்த வேண்டும். ஞாயிறு பூஜை முடிந்ததும் ரோஸ் ஹில் கோயில் வாசலில் நின்று நான் மட்டும் இருபது போனாவது திருத்தியிருப்பேன். கண்ட தளமெல்லாம் நுழைந்த உடனே இப்படிக் கேட்டுத் தொல்லை செய்ததால்தான், 2020 தொடக்கத்தில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 72, நாம் பக்கத்தில் எதையாவது தொட்டால் மட்டுமே அந்தப் பெட்டியைக் காட்டுவது என்று ஆக்கியது. குரோம் 80இலும் ஆர்ப்பாட்டமில்லாமல் ஓரமாகக் கேட்கும் வழி வந்தது. எங்கள் ஆளும் பிறகு 'எனக்கும் சொல்லுங்கள்' என்று ஒரு பொத்தானை வைத்து, அதை அழுத்தியவரிடம் மட்டும் கேட்கிறான். ஐபோன்காரர்களுக்கு இன்னொரு படி உண்டு. 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4க்கு மேல் இருக்க வேண்டும், முகப்புத் திரையில் சேர்த்திருக்கவும் வேண்டும். வெறும் சஃபாரியில் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் வரவில்லையே என்று என் மனைவி ஒரு மாதம் திட்டினாள்.

உண்மையான சோதனை 2024 ஜனவரி 15 அன்று வந்தது. திங்கட்கிழமை, தைப்பொங்கல், பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போன அதே நாள். 'நாளை மாலை 5 மணிக்குப் பொங்கல் பூஜை' என்று ஞாயிறு ஓர் அறிவிப்பு. திங்கள் காலை 'பூஜை இல்லை, யாரும் வெளியே வர வேண்டாம்' என்று இன்னொன்று. பெரியம்மா வீட்டில் இணையம் ஞாயிறே போய்விட்டது. திங்கள் பிற்பகல் திரும்பி வந்தபோது பழையது புதியது எல்லாம் மொத்தமாகக் கொட்டியது. அவர் கண்ணில் பட்டது ஞாயிறு போட்டது.

"தம்பி, அஞ்சு மணிக்குப் பூஜைன்னு போன்ல இருக்கே. கட்டின பூவை யார்கிட்ட குடுத்து விட?"

"பெரியம்மா, அது நேத்துப் போட்டது. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருங்க."

மருமகனைப் பிடித்துக் கேட்டேன். "ரெண்டு வரி விட்டுப்போச்சு மாமா" என்றான். அந்த இரண்டு வரிதான் எல்லாமே. ஒன்று, டேக், அதாவது அறிவிப்புக்கு ஒட்டும் அடையாளப் பெயர். ஒரே விஷயத்தைப் பற்றிய அறிவிப்புகளுக்கு ஒரே டேக் கொடுத்தால் புதியது வந்ததும் பழையது மறைந்துவிடும். மற்றது ஆயுட்காலம். போன் இணைப்பில் இல்லாதபோது அறிவிப்பை இடையில் இருக்கும் சர்வர் எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று அனுப்புகிறவர்தான் சொல்ல வேண்டும். இவன் நான்கு வாரம் என்று விட்டிருந்தான்! இப்போது பூஜை நேரம் தாண்டினால் அது வருவதே இல்லை. டேக்கிலும் ஒரு பொறி உண்டு. பழையதை மாற்றும்போது போன் ஒலிக்காது. ரீநோட்டிஃபை என்பதையும் சேர்த்தால்தான் மறுபடி சத்தம் போடும். அதை மறந்ததில் ஒரு சனிக்கிழமை 6 மணி பூஜை 7 ஆனது யாருக்கும் தெரியாமல், குருக்களோடு சேர்ந்து நாங்களும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம்.

மற்றவை பாதிக்குப் பாதிதான். லேப்டாப் குரோமில் நாம் மூடும்வரை அறிவிப்பை நிறுத்தி வைக்க முடிகிறது. ஆண்ட்ராய்டு அதைக் கண்டுகொள்வதில்லை. 'வருகிறேன்', 'முடியாது' என்ற இரண்டு பொத்தான்கள் என் சாம்சங்கில் வருகின்றன, மனைவியின் ஐபோனில் வருவதில்லை.

அப்புறம் சத்தம். கோயில் ஆப் என்றால் கோயில் மணி கேட்க வேண்டாமா என்று பெரியம்மாவுக்கு ஆசை. அறிவிப்போடு ஒலியையும் தளமே அனுப்பலாம் என்று ஒரு காலத்தில் விதிமுறையில் எழுதியிருந்தார்களாம். எந்த பிரவுசரும் அதைச் செய்யவில்லை. அதிர்வும் இப்போது தளத்தின் கையில் இல்லை. 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்த பிறகு சத்தம், அதிர்வு எல்லாம் போனின் செட்டிங்ஸ் கைக்குப் போய்விட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. கண்ட தளத்துக்கெல்லாம் என் போனின் தொண்டையைக் கொடுக்க நான் தயாரில்லை. பெரியம்மா போனில் நானே செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஆப்புக்கு மணியோசையை வைத்துக் கொடுத்தேன்.

வைத்த பிறகுதான் உண்மையான குறை தெரிந்தது. ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆப் தன் அறிவிப்புகளை 'அவசரம்', 'பொது' என்று வகை பிரித்துப் போனிடம் கொடுக்கலாம். எது ஒலிக்கலாம் என்று நாம் ஒவ்வொன்றாக முடிவு செய்யலாம். வெப் ஆப்புக்கு அங்கே இருப்பது ஒரே ஒரு வகை. புயலுக்கும் அதே மணி, பூக்கட்டும் முறைக்கும் அதே மணி. ஒலியைத் தளத்திடம் கொடுக்க வேண்டாம், பிரிக்கும் உரிமையையாவது கொடுங்கள் என்பதுதான் என் வாதம். இப்போதைக்கு மருமகன் ஆப்புக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்து, நாம் வேண்டாம் என்று குறித்த வகையைச் சைலன்டாக அனுப்புகிறான். வேலை செய்கிறது. ஆனால் சாவி நம் போனில் இல்லை, அவனிடம் இருக்கிறது.

அது என்ன வித்தியாசம் என்று போன வருடம் புரிந்தது. செலவைக் குறைக்க ஆப்பை வேறு முகவரிக்கு மாற்றினான். அனுமதி முகவரியோடு ஒட்டியது என்பதால் எல்லோரும் முதலிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. நான் மறுபடி வாசலில். பெரியம்மா போனில் மணியையும் புதிதாக வைத்தேன். உள்ளே இருந்த பட்டியல் வெறுமையாகிவிட்டதைக் கவனிக்கவில்லை. மறுநாள் விடிகாலை 4 மணிக்குப் பூக்கட்டும் முறை போனது, மணியோடு. பெரியம்மா எழுந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டு எனக்குப் போன் போட்டார்: "இன்னைக்கு என்ன விசேஷம் தம்பி?"

அந்த அறிவிப்பை இப்போது 6 மணிக்கு மாற்றியிருக்கிறான். பட்டியலில் பூக்கட்டுவதைச் சைலன்ட் ஆக்கித் தரட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும், அடிக்கட்டும் என்றார்.