வெனிஸுக்கு வாடகைக் காரா, ரயிலா?

வெனிஸ் ஊருக்குள் கார் ஓடாது. 1933-இல் திறந்த பாலத்தைக் கடந்து, ஊர் விளிம்பில் உள்ள பியாட்சாலே ரோமா சதுக்கம் வரை போகலாம். அதற்கு மேல் நடை, இல்லையென்றால் படகு. இது தெரிந்தும், விமான நிலையத்திலேயே கார் எடுத்துவிடலாமா என்று யோசிப்பவர்கள் நிறைய.

செலவு
கார்: வாடகை, எரிபொருள், நெடுஞ்சாலைச் சுங்கம். அப்புறம் நீங்கள் ஊரைச் சுற்றும் நாளெல்லாம் கார் சும்மா நிற்பதற்கும் பணம் கட்ட வேண்டும். இதுதான் கடுப்பு. பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் நிறுத்தினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அங்கிருந்து எப்படியும் ரயிலோ பேருந்தோதான்.
ரயில்: டிக்கெட்டோடு சரி.

பெட்டி படுக்கை
கார்: பியாட்சாலே ரோமா வரை சுகம்.
ரயில்: வெனிஸின் சாந்தா லூச்சியா ரயில் நிலைய வாசலுக்கு வந்தால் எதிரே பெருங்கால்வாய், பக்கத்திலேயே படகுத்துறை. அதன் பிறகு இருவர் பாடும் ஒன்றுதான்: பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, சக்கரப் பெட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

அபராதம்
கார்: ஃப்ளோரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். நீங்கள் வீடு திரும்பிய பிறகு சீட்டு வரும்.
ரயில்: உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள்.

வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் மட்டும் என்றால் ரயிலே போதும். டோலமைட் மலைப்பக்கம் போகிறவர்களுக்குக் கார் நல்லது. அதையும் வெனிஸைவிட்டுக் கிளம்பும் நாளன்று பியாட்சாலே ரோமாவிலேயே எடுத்துக்கொள்ளலாம், வாடகை அலுவலகங்கள் அங்கேயே இருக்கின்றன.