பாஷ் வழு, ஃபிஷ் வழு: எதை அறிவிப்பது சுகம்?

தமிழில் ‘கொக்குவில்’ என்று தட்டி அழிக்கும்போது கர்சர் கண்டபடி நிற்கிறதா? முதலில் வேறொரு டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) பாருங்கள். குற்றம் ஷெல்லிலேயே, அதாவது தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ், ஃபிஷ் போன்ற மென்பொருளிலேயே, இல்லாமலும் இருக்கலாம்.

வழு (மென்பொருள் பிழை) பாஷில் என்றால், அதை அறிவிக்க ‘பாஷ்பக்’ (bashbug) கட்டளை. பதிப்பு, இயந்திரம், கம்பைல் விபரம் எல்லாவற்றையும் அதுவே நிரப்பி எடிட்டரைத் திறக்கும். வழு என்ன, அதை எப்படித் திரும்ப வரவைப்பது என்று எழுதினால் போதும். ஆனால் அது மின்னஞ்சலில்தான் போகும். யாழ்ப்பாணத்து மடிக்கணனிகளில் மெயில் அனுப்பும் ஏற்பாடு யார் வைத்திருக்கிறார்கள்? எழுதியதை கொப்பி பண்ணி நீங்களே அனுப்ப வேண்டியதுதான். திருத்தங்களைப் பல வருடங்களாகப் பார்ப்பவர் செட் ரேமி. அவை எண்ணிட்ட பட்ச்சுகளாக (திருத்தக் கோப்புகளாக) வரும்.

ஃபிஷ் வழுவை அறிவிக்க கிட்ஹப் இணையத்தளம். உங்கள் அமைப்புகள் (settings) இல்லாமல் ஃபிஷ்ஷை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2025இல் வந்த 4.0 பதிப்பு முதல் அது ரஸ்ட் என்ற நிரல் மொழியில் இருப்பதால், தானே திருத்த ஆசைப்படும் கம்பஸ் பிள்ளைக்கு நான் ஃபிஷ்ஷைத்தான் சொல்வேன்.