குறுந்தொகையா புறநானூறா, புதுமைப்பித்தனா மௌனியா: முதலில் எதைத் திறப்பது?

பழைய கவிதையும் நல்ல சிறுகதையும் படிக்க ஆசை, எந்தத் தொகுப்பில் தொடங்கலாம் என்று கேட்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது நீளமான ஒரு பட்டியல். அதில் இருப்பவை எல்லாம் நல்ல நூல்கள்தாம். ஆனால் எது முதலில், எது அப்புறம் என்று பட்டியல் சொல்லாது. என் அளவுகோல் ஒன்றுதான்: நடுவில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அங்கிருக்கும் பாட்டோ கதையோ முன்கதை தெரியாமலே நம்மைப் பிடிக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் மிகப் பெரிய நூலுக்கு முதலிடம் கிடைக்காமல் போகலாம். போகட்டும்.

கவிதையில் போட்டி குறுந்தொகைக்கும் புறநானூற்றுக்கும்தான். அகநானூற்றுப் பாடல்கள் 13 அடி முதல் 31 அடி வரை நீள்பவை; உவமைக்குள் உவமையாக ஓடும் அந்த வாக்கியங்களில் பழகாத கண்ணுக்கு எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்றே பிடிபடாது. அதைப் பிறகு பார்க்கலாம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 அடியிலிருந்து 8 அடிக்குள் முடிந்துவிடும். பாடியவர்கள் 200 பேருக்கு மேல். சிலருடைய பெயரே தொலைந்து, அவர்கள் எழுதிய வரியே பெயராகிவிட்டது. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்.

இரண்டு நூலிலிருந்தும் ஐந்தடிப் பாடல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். குறுந்தொகை 25, கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு கொக்கு மட்டும் இருந்தது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் பாட்டு. யார் இந்தப் பெண், எந்த ஊர், எந்த அரசன் காலம், எதுவும் தேவையில்லை. தினைத்தாள் மாதிரி மெல்லிய பச்சைக் கால் வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறதே, அந்தப் பதற்றம் போதும். சாட்சி இருந்தது, அந்தச் சாட்சிக்கோ இரையில்தான் கண்.

புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

சொற்கள் முன்னதைவிட எளிது. பள்ளிப் பிள்ளைக்கும் பொருள் புரியும். ஆனால் இந்தப் பாட்டின் முழுக் கனமும் பாட்டுக்கு வெளியே கிடக்கிறது. எந்தை என்பவன் பாரி. குன்று என்பது பறம்பு. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அது என்பார்கள். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். உழவர் உழாமலே மூங்கில்நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை இது, வாளால் வெல்ல முடியாது என்று கபிலர் 109இல் அவர்களிடம் சொல்கிறார். எல்லோரும் பாரி பாரி என்று புகழ்கிறார்களே, உலகைக் காக்க மாரியும் இருக்கிறதே என்று அதற்கு முன்னால் 107இல் பாடியவரும் அவரே. இதையெல்லாம் படித்துவிட்டு 112க்கு வந்தால் அந்த நிலா வேறு நிலா. பிறகு 113 முதல் பாரி இல்லாத பறம்பைப் பார்த்துக் கபிலர் கலங்குகிறார். அந்தப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைக்க அவர் அலைவது 200 முதல் 202 வரை. கொக்கைப் பாடிய அதே கபிலர்!

ஆகவே என் தீர்ப்பு: முதலில் குறுந்தொகை, அதன் பின் புறநானூறு. புறநானூற்றிலும் தனியே நிற்கும் பாடல்கள் உண்டு. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று தொடங்கும் 192ஐ எல்லோருக்கும் தெரியும். முதுமையைப் பாடும் 243, சமைப்பதையே மறந்து காளான் பூத்த அடுப்பைக் காட்டும் 164 இரண்டையும் யாரிடம் வேண்டுமானாலும் தயங்காமல் கொடுக்கலாம். மற்றபடி அதைக் கொத்துக் கொத்தாகப் படிப்பதே நல்லது. 105 முதல் 120 வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். குறுந்தொகைக்கு இதற்கு நேர்மாறான பத்தியம்: ஒரு நாளைக்கு நாலைந்து பாட்டுக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து முப்பது படித்தால் எல்லாத் தலைவிக்கும் பிரிவால் மேனி வெளிறும் அதே பசலை, எல்லாத் தோழிக்கும் ஒரே ஆறுதல் என்று சலித்துவிடும். பசி, போர், பிச்சை, கைம்மை என்று வாழ்க்கை மொத்தமும் இருப்பது புறநானூற்றில்தான். இரண்டில் பெரிய நூல் அதுவே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பாட்டைத் தேட அது அருமை. முதல் வாசிப்புக்கு உரை இல்லாமல் முடியாது. உ.வே.சா. 1937இல் வெளியிட்ட குறுந்தொகையில் உரையும் அவருடையதே. பாட்டுக்குப் பாட்டு கருத்து, உரை, விளக்கம் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். புறநானூற்றுக்குப் பழைய உரை முதல் 266 பாடல்களோடு நின்றுவிடுகிறது, அதற்கப்பால் ஔவை துரைசாமிப் பிள்ளையை நம்பலாம். வாங்க வசதியில்லாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உரையோடு படிக்கலாம்.

சரி, கதைக்கு வருவோம். மௌனி மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள்தாம் எழுதினார். மெலிந்த புத்தகம், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ‘அழியாச் சுடர்’ போன்ற கதையில் நிகழ்ச்சி என்று கையில் சிக்குவது கொஞ்சம்தான். மீதி எல்லாம் மனமும் அதன் நிழலும். சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் அவரைச் சொன்னது பாராட்டுத்தான். ஆனால் திருமந்திரத்தில் தொடங்கி யாரும் தமிழ் படிப்பதில்லையே.

புதுமைப்பித்தனிடம் சிக்கல் வேறு மாதிரி. ஆ.இரா. வேங்கடாசலபதி பதித்த முழுத் தொகுப்பு கதைகளைக் கால வரிசையில் தருகிறது. ஆய்வுக்கும் மறுவாசிப்புக்கும் அதைவிட நல்லது இல்லை. புதிய வாசகர் முதல் பக்கத்திலிருந்து போனால், ‘பொன்னகரம்’ மாதிரி சிலவற்றைத் தவிர, கை பழகும் காலத்துக் கதைகளிலேயே களைத்துப்போவார். நேரே ‘செல்லம்மாள்’ கதைக்குப் போய்விடுங்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையும் சாகக் கிடக்கும் அவர் மனைவியும். வேறு பெரிய நிகழ்ச்சி இல்லை. அதன் பிறகு ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, அப்புறம் ‘சாப விமோசனம்’. இந்த மூன்றையும் எழுதியது ஒரே ஆளா என்று தோன்றும்.

ஆனாலும் முதல் கதைத் தொகுப்பாக நான் கையில் கொடுப்பது கு.ப.ராஜகோபாலனை. 1944இல் நாற்பத்திரண்டு வயதில் போய்விட்டார். ‘விடியுமா?’ கதையில் புருஷன் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வந்து, அக்காளும் தம்பியும் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை, முன்கதை எதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் மனசுக்குள் நடப்பதை அவர் உரக்கச் சொல்லவே மாட்டார். குறுந்தொகையில் பழகிய வாசகருக்கு இது தெரிந்த வீடு மாதிரி இருக்கும். கு.ப.ரா., புதுமைப்பித்தன், கடைசியில் மௌனி என்ற வரிசையில் வந்தவர்கள் ‘பிரபஞ்ச கானம்’ கதையை வாய்விட்டு மெதுவாகப் படிக்க வேண்டும். கண்ணால் மட்டும் ஓட்டினால் அதன் பாதி நழுவிவிடும்.