பொலி டனல்ல கார்னேசன்: தெர்மோமீட்டர், மேல்ஜன்னல், நிழல் வலை, பல சீசன் பாவிச்ச பிறகு

நுவரெலியா கந்தப்பளை பக்கம் டனல், அதாவது பொலித்தீன் கூடாரம் போட்டு கார்னேசன் பூ வளர்க்குறேன். உள்ள பாவிக்கிற மூணு சாமான பத்தி கொஞ்ச பேர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒரு சீசன் பாத்துட்டு எழுதுனா சரிவராதுன்னு தான் இவ்வளவு நாள் எழுதல, ஏன்னா மாசி வெயில்ல ஒரு மாதிரி வேலை செய்யுது, ஆடி மழைல வேற மாதிரி.

மொதல்ல தெர்மோமீட்டர். ஆகக்கூடுன சூடு, ஆகக்கொறைஞ்ச சூடு ரெண்டையும் காட்டுற சாதாரண சாமான் தான். மூணுல இதான் மலிவு, இதான் எனக்கு நெறைய காட்டிக்குடுத்துச்சு. நுவரெலியான்னா குளிரு, பூவுக்கு என்ன கவலைன்னு தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. வெளிய சரி, வருஷ சராசரி 16 டிகிரி கிட்ட தான் இருக்கும். ஆனா மாசில மேகம் இல்லாத மத்தியானம் டனலுக்குள்ள 30 தாண்டிரும், அதே ராத்திரி புல்லு வெள்ளையா உறையுற அளவுக்கு எறங்கும். கார்னேசனுக்கு ராவுல 10, 12, பகல்ல 18, 20 இருந்தா நல்லா இருக்கும். இப்படி ஏறி எறங்குனா மொட்டுக்கு கீழ இருக்குற பச்ச உறை வெடிச்சு, பூ ஒரு பக்கமா பிதுங்கி வரும், விலை போச்சு. வாசல் தூணுல கட்டுனா புண்ணியம் இல்ல, மொட்டு நிக்கிற உயரத்துல கட்டுங்க, நேர வெயில் படாம மறைச்சு.

சூடு ஏன் முக்கியம்னா, மொட்டு செடில இருக்கும்போதே மூச்சு விடுது, அதாவது செடி அனுப்பி வச்ச சீனிய எரிச்சிக்கிட்டே இருக்குது. 10 டிகிரி கூடுனா அந்த எரிப்பு ரெண்டு மூணு மடங்காகும். வெட்டுன பூவுல 2 டிகிரிய விட 30 டிகிரில 45 மடங்கு வரைக்கும் போகும்னு சொல்றாங்க. பகல்ல சூடுன்னா வெளிச்சமும் இருக்கு, இலை கொஞ்சமாவது சம்பாதிக்கும், ராவும் புழுக்கமா இருந்தா சம்பளம் வர முன்னயே கடை பாக்கி ஏறுற கதை தான். அந்த மொட்டு பாக்க நல்லா தான் இருக்கும், ஜாடில வச்ச பிறகு தான் தெரியும். பண்டாரவளைல இருக்குற என் மச்சானும் இதே ரகம் தான் போடுறாரு, எங்கள விட சீக்கிரம் பூ வருது, ஆனா தண்டு மெலிசு, பூவும் சின்னது, கண்டி பூக்கடைல நம்ம பூ தான் கூட நாள் நிக்குதுன்னு சொல்றாங்க, மச்சான்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாரு.

சூட்டோட சேந்து வர்ற இன்னொரு விசயம் எதிலீன், பூவே விடுற, பூவ வாட வைக்கிற ஒரு வாயு. இறுக்கமான மொட்டு இத கொஞ்சமா தான் விடும். விரிஞ்சு வாடப்போற நேரத்துல திடீர்னு கூடும், கொஞ்சம் வந்ததும் அதுவே இன்னும் உண்டாக்க வைக்கும், இதழெல்லாம் உள்ளுக்கு சுருண்டுக்கும். சூடு அந்த கட்டத்த முன்னுக்கு இழுத்துருது. அந்த காலத்துல விளக்கு எரிக்க பாவிச்ச கேஸும் எதிலீனும் கார்னேசன என்ன செய்யுதுன்னு க்ரொக்கர், நைட்னு ரெண்டு பேர் 1908லயே எழுதிட்டாங்க. ஒரு விசயம், ரொம்ப சூடானா, 40 டிகிரி மாதிரி போனா எதிலீன் உண்டாகுறதே அமுங்கிரும். அப்ப சூடு நல்லதுதானேன்னு ஒருத்தர் கேட்டாரு, அண்ணே எதிலீன் நின்னாலும் சீனி எரியுறது நிக்கலயேன்னேன்.

அடுத்த சாமான் மேல்ஜன்னல், டனல் உச்சில தொறந்து மூடுறது. இதான் என் கணக்குல காசுக்கு சரியான சாமான். சூடு காத்து மேல ஏறி அது வழியா போயிரும், பக்கத்து பொலித்தீன மட்டும் சுருட்டுனா உச்சில தங்குன சூடு அப்படியே நிக்கும். கொறை என்னன்னா தென்மேல் பருவக் காத்துல ஓரம் கிழியும், கயிறு ஒழுங்கா இழுத்து கட்டணும், மழ சாரல் மொட்டுல விழுந்தா சாம்பல் பூஞ்சணம் வரும், பூஞ்சணம் பிடிச்ச பூவும் எதிலீன் விடும். அழுகுன பூவ உள்ள போட்டு வைக்காதீங்க.

நிழல் வலை பாதி நேரம் உதவி, பாதி நேரம் உபத்திரவம். மாசில இருந்து சித்திரை சீசன் வரைக்கும் நல்ல உதவி. மழை தொடங்குன பிறகும் விட்டு வச்சா வெளிச்சம் பத்தாது, தண்டு தொங்கும், மொட்டுல சீனியும் சேராது, அதாவது சூட்டுல போற அதே சீனி இருட்டுலயும் போயிருது. கழட்டி மாட்டுற மாதிரி போடுங்க. கறுப்பு வலைய உள்பக்கம் கட்டுனா அதுவே சூடாகி உள்ளுக்கே சூட்ட விடும், வெளிப்பக்கம் தான் சரி.

வெட்டுன பிறகு சில்வர் தயோசல்பேட் மருந்துல வச்சா போதும், எல்லாம் சரியாயிரும்னு கடைல சொல்லுவாங்க. எதிலீன் வேலை செய்யுறத அது நல்லாவே தடுக்குது, ஆனா எரிஞ்ச சீனிய திருப்பி குடுக்காது, வெள்ளி இருக்குறதால மிச்சத்த கான்லயும் ஊத்தக்கூடாது. காலைல வெயில் ஏற முன்ன வெட்டி குளிர்ல வைங்க, கொழும்புக்கு அனுப்புனா பழுத்த வாழைக்குலையும் தக்காளியும் ஏத்துன லொறில போடாதீங்க, அதுகளும் எதிலீன் விடும், வேற லொறி இல்லன்னா அடுத்த நாள் அனுப்புறதே மேல்.