குமுளி பயிற்சி மையம்: எட்டு மாத அனுபவம்

கம்பத்தில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. வாரம் மூன்று நாள் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, குமுளியில் ஒரு மாடியில் நடக்கும் இந்த மையத்துக்கு அவனைக் கூட்டிப்போகிறோம். ஏபிஏ முறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை என்ன செய்கிறான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்து, அந்த முன்னையும் பின்னையும் மாற்றிப் பழக்குகிற முறை.

முதல் வாரம் பாடமே நடக்கவில்லை. டீச்சர் தரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பணம் கட்டிவிட்டு வந்த எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாறு பொருட்களைப் பரப்பி வைத்தார்கள். கார், பந்து, சாக்லேட் எதையும் அவன் தொடவில்லை. ஒரு எவர்சில்வர் தட்டைச் சுழலவிட்டு, அது ஓய்ந்து விழும்வரை குனிந்து பார்த்தான். கடையில் தராசுத் தட்டையும் இப்படித்தான் சுற்றுவான், நாங்கள் பிடுங்கி வைப்போம். அந்தத் தட்டுதான் இன்றைக்கும் அங்கே அவனுக்குப் பரிசு.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது; ஜன்னலும் வாசலும் அவன் முதுகுக்குப் பின்னால். பிடித்த சாமான்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் டப்பாக்களில், கைக்கு எட்டாத உயரத்தில். மூடியும் இறுக்கம். வேண்டுமென்றால் யாரையாவது கேட்டே ஆக வேண்டும். சுவரில் ஒரு பட்டை, அதில் அன்றைய வேலைகள் வரிசையாகப் படமாக ஒட்டியிருக்கும். ஒன்று முடிந்ததும் அவனே பிய்த்துக் கீழே உள்ள பெட்டியில் போடுவான். அடுத்து என்ன என்று தெரிந்த பிறகு அழுகை பாதியாகக் குறைந்தது. வீட்டிலும் அதே பட்டை வைத்தோம், சோறும் குளியலும் சண்டையில்லாமல் நடக்கிறது.

கேட்பதற்குப் பெக்ஸ் என்ற பட அட்டை முறை. அமெரிக்காவில் 1985-ல் உருவானது. டீச்சர் எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொருவர் அவன் பின்னால் இருந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து நீட்ட வைத்தார். பிறகு முழங்கையை மட்டும் தொட்டார். அப்புறம் அதுவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அவனாகவே அட்டையை எடுத்து டீச்சர் உள்ளங்கையில் வைத்தான். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. தண்ணீர் அட்டையை அவன் நீட்டும்போதெல்லாம் டீச்சர் மலையாளத்தில் "வெள்ளம்" என்பார். வீட்டில் நாங்கள் "தண்ணி" என்போம். பிள்ளை குழம்புவான் என்று சொன்னேன். மறுநாளே மாற்றிவிட்டார்கள். அதே டீச்சர் இவனிடம் தண்ணி என்கிறார், பக்கத்து அறைப் பிள்ளையிடம் வெள்ளம் என்கிறார்.

வீட்டுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார்கள், மூன்று பத்தி: முன்னால், செய்தது, பின்னால். ஒரு வாரம் எழுதினேன். கடையில் கூட்டம் சேரும், அவன் தலையில் அடித்துக்கொண்டு கத்துவான், நான் செல்போனைக் கொடுப்பேன். மூன்றாம் பத்தியில் வரிக்கு வரி செல்போன். கத்தினால் போன் வரும் என்று நானேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது கூட்டம் சேரும் முன்பே "உள்ளே போகலாம்" அட்டை அவன் பாக்கெட்டில் இருக்கும். அதை நீட்டினால் உடனே எழுந்துவிடுவேன், வியாபாரம் நடுவில் இருந்தாலும் சரி.

இதற்கு முன் வேறு ஊரில் ஒரு இடத்தில் சேர்த்திருந்தோம். அவன் கையை உதறினால் பிடித்து மேசையில் அழுத்துவார்கள். வாரம் 40 மணி நேரம் வேண்டும் என்றும் கேட்டார்கள். லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதே ஏபிஏ முறை பற்றி 1987-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. அதே ஆய்வில் அதட்டலும் தொடையில் அடியும்கூட இருந்தன என்று பிறகுதான் படித்தேன். இப்படிப் பழக்கப்பட்டு வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் இந்த முறையையே எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒதுக்க என்னால் முடியாது. இங்கே சேர்க்கும் முன் நான் கேட்ட முதல் கேள்வி, "கை உதறினால் என்ன செய்வீர்கள்?" "உதறட்டும், யாருக்கும் அடிபடவில்லையே" என்றார்கள். அதனால்தான் சேர்த்தேன். நீங்களும் இதைக் கேளுங்கள். சிறப்பாசிரியருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உண்டா என்றும் கேளுங்கள்.

குறைகள்: படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது. மணிக்கு 400 ரூபாய், எங்களுக்குப் பாரம்தான். சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளை ஒரே அறையில் விடுகிறார்கள். அன்றைக்கு அவனுக்கு எதுவும் ஓடாது, அதனால் நாங்கள் திங்கள், புதன், வெள்ளி. தினக்குறிப்பை மலையாளத்தில் எழுதுகிறார்கள். கேட்டால் பொறுமையாக வாசித்துக் காட்டுகிறார்கள். ஆனால் மனைவி வீட்டில் திருப்பிப் படிக்க வேண்டுமே, தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.