கருக்கலைப்பு: அரசு மருத்துவமனையா, தனியாரா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வரும்போது, சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இது: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகள் குறிப்பிடும் சில பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் வேண்டும். திருமணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அரசு மருத்துவமனையின் பெரிய பலம், செலவில்லை என்பது. ரத்தப்போக்கு அதிகமானால் பெரிய மருத்துவமனைகளில் ரத்த வங்கியும் அறுவை அரங்கும் அங்கேயே இருக்கும். ஆனால் காத்திருக்க வேண்டும், தனிமை குறைவு. அப்புறம், "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கேம்மா?" என்ற கேள்வி. மனநலம் குன்றாத, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தனியாரில் சீக்கிரம் முடியும், ஓரளவு மறைவும் கிடைக்கும். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கருக்கலைப்புக்கு அரசு அங்கீகாரம் பெற்ற இடமா என்று பாருங்கள். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

9 வாரத்துக்குள் என்றால் மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். அதையும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், மருந்துக்கடையில் நேராக வாங்கிப் போடக் கூடாது. கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கலைக்காது, உயிருக்கே ஆபத்து.

என்னைக் கேட்டால், ரத்தசோகையோ வேறு நோயோ இருப்பவர்களுக்கு அரசுப் பெரிய மருத்துவமனைதான்.