ரக்பி ஸ்மார்ட் மவுத்கார்ட்: சிவப்பு விளக்கை விட வாரக் கணக்குக்கே மதிப்பு

2025 மகளிர் ரக்பி உலகக் கோப்பையில் தலையில் பலமாக அடி வாங்கிய வீராங்கனையின் வாய்க்குள், அடியை அளக்கும் ஸ்மார்ட் மவுத்கார்டில் (பல்லுறையில்) சிவப்பு விளக்கு மினுக்கும் ஏற்பாட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். தொலைக்காட்சிக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் இந்தக் கருவியை அந்த விளக்கை வைத்து எடைபோட்டால் தவறாகிவிடும். செவ்வாய், புதன் பயிற்சிகளில் யாரும் பார்க்காதபோது அது எழுதி வைக்கும் கணக்கில்தான் இதன் பயன் அதிகம்.

தொழில்முறை ரக்பி யூனியனில் பரவலாகப் புழங்குவது அமெரிக்காவின் மினியாபோலிஸ் பகுதியைச் சேர்ந்த பிரிவென்ட் பயோமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் மவுத்கார்ட். ரக்பியின் உலக ஆட்சி அமைப்பான வேர்ல்ட் ரக்பி 2023 அக்டோபரில் இதைத் தலைக்காயச் சோதனை முறையோடு சேர்ப்பதாக அறிவித்து, அணிகள் வாங்கிப் பயன்படுத்த உதவ 20 லட்சம் யூரோ ஒதுக்கியது. 2024 ஜனவரி முதல் உயர்மட்ட ஆட்டங்களில் நடைமுறைக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? சாதாரண மவுத்கார்டின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே ஒரு முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப், குட்டி பேட்டரி, ப்ளூடூத் ஆன்டெனா. கூடவே, கருவி பல்லில் மாட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் ஒரு சென்சார். எல்லாவற்றையும் மூடி சீல் செய்திருப்பதால் பேட்டரி போனால் கார்டும் போச்சு. பிரித்துப் பழுது பார்க்க வழியில்லை.

பல்லில் ஏன் மாட்ட வேண்டும்? மேல்தாடை மண்டையோட்டோடு இறுகப் பிணைந்தது. தலை எப்படி அசைகிறதோ அப்படியே மேல்வரிசைப் பல்லும் அசையும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை தோலோடு சேர்ந்து வழுக்கும்; ஸ்க்ரம் கேப் எனப்படும் மெத்தைத் தொப்பியில் வைத்தால் துணி நகரும். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் பல்தான் இடம்.

அளப்பது இரண்டு. ஒன்று, நேர்கோட்டு முடுக்கம். புவியீர்ப்பின் மடங்காக 'ஜி' கணக்கில் வரும். மற்றது சுழல் முடுக்கம். தலை எவ்வளவு வெடுக்கென்று திரும்பியது என்பது. மூளைக்கு இரண்டாவதுதான் பெரிய பகை. மூளை இளகிய பொருள். மண்டையோடு சட்டெனத் திரும்பும்போது உள்ளே இருப்பது பின்தங்கி முறுக்கப்படுகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. தாடையோரம் விழும் அடி, நெற்றியில் நேராக விழும் அடியை விடச் சிறியதாகத் தெரிந்தாலும் ஆளைச் சாய்த்துவிடுவது இதனால்தான்.

அடி ஒரு வரம்பைத் தாண்டினால் கருவி எச்சரிக்கை அனுப்பும்; அதைத்தான் மணி என்கிறேன். தொடக்கத்தில் மணி அடிக்கும் வரம்பு ஆண்களுக்கு 70 ஜி, பெண்களுக்கு 55 ஜி. சுழல் முடுக்கத்துக்கு இரு பாலருக்கும் விநாடி வர்க்கத்துக்கு 4,000 ரேடியன். 2025 மகளிர் உலகக் கோப்பையின்போது அது ஆண்களுக்கு 75 ஜி, பெண்களுக்கு 65 ஜி, சுழற்சிக்கு 4,500 ரேடியன் என்று இருந்தது. எண் மாறியது என்பதையே கவனிக்க வேண்டும். வரம்புக்கு மேலே போனால் மூளைக்குக் காயம், கீழே இருந்தால் பத்திரம் என்று உடலில் எங்கும் கோடு கிழித்து வைக்கவில்லை. எத்தனை பேரை வெளியே கூப்பிட்டுச் சோதித்தால் ஆட்டம் தாங்கும், எத்தனை பேரைத் தவறவிட்டால் மனசாட்சி தாங்கும் என்ற பேரத்தில் பிறந்த எண் அது. 40 ஜி அடியில் மயங்கியவரும் உண்டு, 80 ஜி வாங்கிவிட்டு ஒன்றுமில்லாமல் ஆடியவரும் உண்டு. மணி அடிக்கவில்லை என்பதற்காக, தள்ளாடும் வீரரை உள்ளேயே விட்டு வைக்கும் மருத்துவருக்கு இந்தக் கருவி கையில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

மணி அடித்தால் நடப்பது இது. தகவல் ஆடுகளத்துக்கு வெளியே இருக்கும் டேப்லெட்டுக்கு வரும். ஆட்ட மருத்துவர் நடுவர் குழுவுக்குச் சொல்வார். அடுத்த நிறுத்தத்தில் வீரர் வெளியே வருவார், மாற்று ஆள் உள்ளே போவார். எச்ஐஏ எனப்படும் தலைக்காயச் சோதனையின் முதல் கட்டம் அப்போது தொடங்கும். அதற்கு 12 நிமிடம். எந்த மைதானம், கடைசியாக யார் புள்ளி எடுத்தார் என்பது போன்ற கேள்விகள், சொற்பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுதல், குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடத்தல், கூடவே அந்த அடியின் வீடியோ. எல்லாவற்றையும் சீசனுக்கு முன் அதே வீரரிடம் எடுத்த அடிப்படை அளவோடு ஒப்பிடுவார்கள். இந்த அடிப்படை அளவு சோம்பலாக எடுக்கப்பட்டிருந்தால் மீதி எல்லாம் வீண். வேண்டுமென்றே மட்டமாகப் பதில் சொல்லி வைக்கும் வீரர்கள் பற்றி ரக்பியில் பழைய கிண்டல் ஒன்று உண்டு. கிண்டல் முழுக்கப் பொய்யும் அல்ல. ஆட்டம் முடிந்து அன்றே இரண்டாம் கட்டம். இரண்டு இரவுத் தூக்கத்துக்குப் பிறகு மூன்றாம் கட்டம். முதல் கட்டத்தில் தேறியவருக்கும் இவை உண்டு.

மயக்கம், தள்ளாட்டம், வலிப்பு, கைகால் விறைப்பு கண்ணில் பட்டால் 12 நிமிடப் பேச்சே கிடையாது, அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. அங்கே கருவிக்கு வேலை இல்லை. யாருக்கும் தெரியாமல் ரக்கின் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டும் குவியலின்) அடியில் முழங்கால் பட்ட அடி, கேமரா மறுபக்கம் திரும்பியிருந்தபோது விழுந்த அடி, இவற்றைக் காட்டிக்கொடுப்பதற்குத்தான் மணி.

தொந்தரவு எங்கே? முதலில் ப்ளூடூத். வாய் ஈரமான இடம். உடம்பு முழுக்கத் தண்ணீர். அந்த அலைவரிசையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். பத்துப் பேர் குவிந்து கிடக்கும்போது அடியில் இருப்பவரின் சமிக்ஞை, 100 மீட்டர் நீள ஆடுகளத்தின் மறுகோடிக்கு உடனே போய்ச் சேராது. கருவி தகவலைச் சேமித்து வைத்து, வழி கிடைத்தபோது அனுப்பும். அதற்குள் வீரர் எழுந்து, ஓடி, இன்னொரு டேக்கிளும் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) போட்டிருப்பார். பிறகு கூப்பிட்டால் "எந்த அடிக்கு?" என்பார். நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, பசிபிக் அணிகள் ஆடும் சூப்பர் ரக்பியின் 2024 தொடக்க வாரத்தில் க்ரூசேடர்ஸ் அணித்தலைவர் ஸ்காட் பாரெட் தன் அணி வீரர் வெளியே அழைக்கப்பட்டதைப் பற்றி வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அந்தத் தொடரில் நடைமுறையைத் தளர்த்தினார்கள்: மணி அடித்து, அறிகுறி எதுவும் இல்லையென்றால் மருத்துவர் களத்திலேயே பார்ப்பார், முழுச் சோதனை இடைவேளையிலோ ஆட்டம் முடிந்தோ நடக்கும். அதே மாதம் ஐரோப்பாவின் ஆறு நாட்டுத் தொடரான சிக்ஸ் நேஷன்ஸில் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் டர்னர் மணியால் வெளியே போனபோது பயிற்சியாளர் கிரெகர் டவுன்சென்டும் கவலை தெரிவித்தார். வாயிலேயே விளக்கு வைத்தது இந்தத் தாமதத்துக்கு ஒரு எளிய மருந்து. டேப்லெட் வரை காத்திருக்காமல் நடுவர் கண்ணிலேயே படும்.

அடுத்தது பொய் மணி. கார்ட் தளர்வாக இருந்தால் கீழ்த்தாடை மோதும் ஒவ்வொரு முறையும் அது அதிரும். கையில் பிடித்துக்கொண்டு கத்துவது, சாக்ஸில் செருகிக்கொண்டு ஓடுவது, மெல்லுவது எல்லாமே அளவைக் கெடுக்கும். உண்மையான தலையடியின் வரைபடம் சில மில்லி விநாடிகளுக்கு ஏறி இறங்கும். பல் நறுக்கென்று கடித்தால் வருவது ஊசிபோல மெல்லிய முனை. மென்பொருள் பெரும்பாலும் பிரித்துவிடும், எப்போதும் அல்ல. ஆகவே அளவெடுப்பில் கஞ்சத்தனம் கூடாது. வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைக்கும் ரகத்தை விடப் பல்லை ஸ்கேன் செய்து தயாரிக்கும் ரகம் நன்றாகப் பிடிக்கும். விரலால் கீழே இழுத்தால் எளிதில் கழன்று வரக் கூடாது. வாயைத் திறந்து பேசும்போது தானாக நழுவக் கூடாது. பல் சிகிச்சை செய்தாலோ பல் விழுந்தாலோ புது ஸ்கேன் வேண்டும். பல் கம்பி (கிளிப்) போட்டிருப்பவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு மருத்துவக் காரணத்துக்கான விலக்கு இருக்கிறது.

விலக்கு இல்லாத வீரர் மாட்டாமல் ஆடினால்? ஆடலாம். ஆனால் தலைக்காயச் சந்தேகம் வந்தால் 12 நிமிடச் சலுகை கிடையாது, நேராக வெளியே. மாட்டு என்று கட்டாயப்படுத்தாமலே மாட்ட வைக்கும் விதி, கெட்டிக்காரத்தனம்தான்.

பராமரிப்பு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் கருவிகள் சாகின்றன. குளிர்ந்த நீரில் மட்டும் கழுவ வேண்டும்; கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் வளைந்து பொருத்தம் போய்விடும். ஈரம் துடைத்துவிட்டுத்தான் சார்ஜ் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கார்டும் ஒரு வீரர் பெயரில் பதிவாகியிருக்கும். பெட்டியில் இடம் மாறினால் ஒருவர் வாங்கிய அடி இன்னொருவர் கணக்கில் ஏறும். வார்ம்-அப்புக்கு முன் 23 பேரின் இணைப்பையும் டேப்லெட்டில் ஒவ்வொன்றாகப் பார்க்க ஓர் ஆள் தேவை. பிசியோவிடம் "இதையும் பார்த்துக்கொள்" என்று தள்ளினால் நடக்காது. டேப் சுற்றுவதற்கே அவருக்கு நேரம் போதாது.

இனி, பணத்துக்கு மதிப்பு எங்கே என்பது. வேர்ல்ட் ரக்பியும் சர்வதேச வீரர்கள் சங்கமும் 2021 செப்டம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன: முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் அதிகபட்சம் இரண்டு நாள், கட்டுப்படுத்திய மோதல் 40 நிமிடம், ஸ்க்ரம், லைன்அவுட், மால் எனப்படும் கூட்டமாகப் பந்துக்குப் போட்டியிடும் வகைப் பயிற்சி 30 நிமிடம். சொல்வது எளிது. பயிற்சியாளர் கையில் கடிகாரம் இருக்கும், "முழு மோதல்" எது என்பதை அவரே முடிவு செய்வார். மவுத்கார்ட் அந்த விவாதத்தை முடித்துவைக்கிறது. புதன்கிழமை ரக் பயிற்சியில் இரண்டாம் வரிசை வீரர் ஒருவர் 20 ஜிக்கு மேல் எத்தனை தடவை வாங்கினார் என்பது எண்ணாக நிற்கும். நீண்டகால மூளை நோய்க்கும் மருத்துவர் கண்டுபிடித்த மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை விட, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மொத்த அடிகளோடு உள்ள தொடர்பு நெருக்கமானது என்பதை அமெரிக்கன் ஃபுட்பால் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சனுக்கு 42 வயதில் டிமென்ஷியா என்னும் மறதி நோய். அந்தக் கோப்பையை வென்றதே நினைவில்லை என்று 2020-ல் சொன்னார். அவரைப் போன்ற பல முன்னாள் வீரர்கள் வேர்ல்ட் ரக்பி, இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்கள் மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் இந்த வாரக் கணக்கு யாரிடமும் இல்லை.

பெரும்பாலான அடி சின்னது என்பதையும் சொல்ல வேண்டும். ஒடாகோ பல்கலைக்கழகம் நியூசிலாந்தின் சமூக அளவிலான ரக்பியில் இதே கார்டுகளை வைத்து நடத்திய ஆய்வில், பதிவான விசைகளில் 86 சதவீதம் ஓட்டம், குதித்தல் போன்ற உடற்பயிற்சிகளில் வருவதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தன. வேர்ல்ட் ரக்பி இந்த எண்ணை விரும்பிச் சொல்லும். மீதி 14 சதவீதம் யாருடைய தலையில், வாரத்தில் எந்த நாளில் விழுகிறது என்பதுதான் கிளப் மருத்துவருக்குத் தேவை.

அந்தத் தகவலைப் படிக்க ஆள் இருக்க வேண்டுமே. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கிளப்பிடம் பணம் இருக்கிறதா என்பதற்கு இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கான பிரீமியர்ஷிப்பைப் பார்க்கலாம். 2018 டிசம்பரில் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து லீக்கின் 27 சதவீதத்தை வாங்கியது. கிளப்புகளுக்குக் கைநிறையப் பணம். பதிலுக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய வருமானத்தில் ஒரு பங்கு போனது. பிறகு கொரோனா, அரசுக் கடன், வட்டி. 2022 செப்டம்பரில் வோர்ஸ்டர் வாரியர்ஸ், அக்டோபரில் வாஸ்ப்ஸ், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் கவிழ்ந்தன. 13 கிளப் 10 ஆனது. வாஸ்ப்ஸ் திவால் நிர்வாகிகள் கைக்குப் போன அன்று 167 வீரர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ரெபெல்ஸ் 2024-உடன் முடிந்தது. பிரீமியர்ஷிப்பில் சம்பள உச்சவரம்பு 50 லட்சம் பவுண்டுக்கு இறங்கி, 2024-25-ல் மறுபடி 64 லட்சத்துக்கு ஏறியிருக்கிறது. நட்சத்திர வீரருக்குச் செலவு செய்ய அழுத்தம் கூடும்போது, வெளியே தெரியாத தகவல் ஆய்வாளர் பதவிதான் முதலில் வெட்டுப்படும். கார்டை வாங்கிக் கொடுக்க நிதி இருக்கிறது. அதைப் படிக்கும் ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் கொடுப்பது கிளப்பின் பாடு.

வீரர்கள் தரப்பில் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. நான்கு சீசன் அடிக் கணக்கு கையில் இருக்கும் கிளப், ஒப்பந்தம் புதுப்பிக்கும் மேசையில் அதை எடுத்து வைக்காது என்று என்ன உறுதி? ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதி வாங்குவது நல்லது: தகவல் மருத்துவக் கோப்பைச் சேர்ந்தது, தேர்வுக்கும் சம்பளப் பேச்சுக்கும் பயன்படுத்தக் கூடாது, கிளப் மாறினாலோ கிளப்பே மூடினாலோ பிரதி வீரருக்கு வர வேண்டும். மூன்றாவது வரி மிகையாகத் தெரிந்தால், மேலே உள்ள கிளப் பெயர்களை இன்னொரு முறை படிக்கலாம்.

இது தலையைக் காக்குமா என்று கேட்பவர்களுக்கு: பல்லைக் காக்கும், சாதாரண மவுத்கார்ட் காப்பது போலவே. அடியின் வேகத்தை இது குறைக்காது. தலைக்காயங்களில் பெரும்பகுதி டேக்கிளில்தான், அதிலும் பெரும்பாலும் டேக்கிள் போடுபவருக்குத்தான். நிமிர்ந்து நின்று மோதும் பழக்கம் மாறாமல் கருவி மட்டும் வந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

அமெச்சூர் கிளப் வாங்கலாமா? நேரடி மணிக்காக வாங்க வேண்டாம். அந்த மட்டத்தில் 12 நிமிடச் சோதனை கிடையாது. சந்தேகம் வந்தால் வீரர் வெளியே, திரும்பி வர முடியாது. மணி அடித்த ஒவ்வொருவரையும் அப்படி அனுப்ப ஒரு கிளப் தயாராக இல்லையென்றால், மணியைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்க வேண்டி வரும். அது பின்னாளில் சட்டச் சிக்கல். பயிற்சியில் மட்டும், வாரக் கணக்கைப் பார்க்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமித்த பிறகு வாங்கலாம். அந்த ஆள் கிடைக்காவிட்டால், அதே பணத்தை டேக்கிள் உத்தி சொல்லித் தரும் பயிற்சியாளருக்குக் கொடுக்கலாம்.